நேரான வலது ஓரம்

புதுக் கம்ப்யூட்டர் வந்து பதினோரு நாளாகிவிட்டது. அதற்குள் போன ஒரு கடிதம்கூட இன்னும் வெளியே வரவில்லை.

உள்ளே போவதில் குறை எதுவும் இல்லை. செக்‌ஷன் ஆபீசர் ஜம்புநாதன் விசைகளைத் தட்டத் தட்ட, எழுத்துகள் பச்சைப் பசேலென்று திரையில் வந்து வரிசைகட்டி நின்றன. வரி நீண்டால் தானாக மடங்கிக்கொண்டது. இடது ஓரம் மட்டுமில்லாமல் வலது ஓரமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. அதைக் காகிதத்தில் இறக்க வேண்டிய பிரிண்டர் வரவில்லை. வரும் என்று தோன்றவும் இல்லை.

அதற்குக் காரணம் வேறு யாருமில்லை. ஜம்புநாதனேதான்.

தில்லியில், தானியக் கிடங்கு ஆய்வு இயக்ககத்தில் அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஃபைலையும் அவர் சந்தேகம் கிளப்பாமல் மேலே அனுப்பியதில்லை. சந்தேகம் இல்லாத குறிப்பு அவருக்கு உப்பில்லாத ரசம் மாதிரி. கம்ப்யூட்டர் வாங்குகிற ஃபைலிலும் கைப்பழக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: ‘பிரிண்டர் என்பது அச்சிடும் சாதனமாகையால், அச்சு இயந்திரம் வாங்குவதற்கான விதிகள் இதற்கும் பொருந்துமா என்பது பரிசீலிக்கத்தக்கது.’

யாரும் அவரைக் கேட்கவில்லை. நிதிப் பிரிவு அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் அச்சு இயந்திரம் இல்லை, ஆகவே வரலாம். பிரிண்டர் அச்சு இயந்திரம், ஆகவே அச்சுக்கூடங்களைக் கவனிக்கும் துறையிடமிருந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று கடிதம் வாங்கியாக வேண்டும். அந்தத் துறை பதினெட்டுக் கேள்விகள் அனுப்பியிருந்தது. அச்சுக்கூடம் எங்கே அமையப்போகிறது, அச்சுக் கோப்பவர்கள் எத்தனை பேர், ஈய எழுத்துகளைப் பூட்டி வைக்க என்ன ஏற்பாடு என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பழைய கம்ப்யூட்டரையாவது வைத்துச் சமாளிக்கலாமென்றால், அதை அதன் பிரிண்டரோடு சேர்த்து மூன்று வாரத்துக்கு முன்பே கழித்துக்கட்டியாகிவிட்டது.

இதையெல்லாம் டைரக்டர் பல்லா சாப்பிடம் போய்ச் சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னவர்களுக்கு அந்த ஆபீசில் என்ன நடக்கும் என்பது ஜம்புநாதனுக்குத் தெரியும். பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேத்தா. அது அச்சடித்த கடிதங்களின் வலது ஓரம் எலி கொறித்தாற்போல் ஏறி இறங்கி இருக்கும். அதை நேராக்க இந்த மெஷினால் முடியாது என்று மேத்தா ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார். இப்போது மேத்தா அஸ்ஸாமில், ஜோர்ஹாட்டில் இருக்கிறார். அங்கே இன்னும் ஒரு இடம் காலியாக இருப்பதை பல்லா சாப் வாரத்துக்கு ஒரு முறையாவது ஜம்புநாதனுக்கு ஞாபகப்படுத்துவார்.

ஜோர்ஹாட் ஒன்றும் மோசமான ஊரில்லை. ஆனால் ஜம்புநாதனின் மனைவி ஜலஜா புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறாள். வருகிற ஏப்ரலில் வேலை நிரந்தரமாகப் போகிறது. இப்போது ஜனவரி. ஜம்புநாதனை மாற்றிவிட்டால் இரண்டு மாதத்தில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குவார்ட்டர்ஸ் போனால் அவளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஒன்பது வருஷமும் போச்சு.

“ஏப்ரல் வரைக்கும் உங்க சந்தேகத்தையெல்லாம் கொஞ்சம் மூட்டை கட்டி வையுங்கோ,” என்று ஜலஜா சொல்லியிருந்தாள். “யார் எது கேட்டாலும் ஆச்சுன்னு சொல்லிடுங்கோ. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்.”

ஜம்புநாதன் இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அவள் பேச்சைக் கேட்டார். எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

*

அதற்கும் முன்னால் ஆரம்பித்தது என்று பார்த்தால், ஒரு கடிதம்தான் காரணம். பக்கத்துப் பவனில் சணல் சாக்கு இயக்ககம் இருந்தது. தானியமும் சாக்கும் ஒன்றில்லாமல் ஒன்று இல்லை. ஆகவே இரண்டு இயக்ககங்களுக்கும் ஆகாது. போன அக்டோபரில் சாக்குக்காரர்களிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. இரண்டு ஓரமும் நேராக இருந்தது. அடியில் ‘எங்கள் புதிய கம்ப்யூட்டரில் தயாரிக்கப்பட்டது’ என்று வேறு போட்டிருந்தது.

பல்லா சாப் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று பிற்பகலே பழைய கம்ப்யூட்டரை மாற்றுவது என்று முடிவாயிற்று. சாக்குக்காரர்களிடம் இருக்கும் அதே மெஷின் வாங்க வேண்டும். ஆனால் அதில் கடிதம் எழுதுகிற பேக்கேஜ் மட்டும் அவர்களுடையதைவிட உசத்தியாக இருக்க வேண்டும். பேக்கேஜைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டு, அதற்கு ஜம்புநாதனைத் தலைவராக்கினார். மதராஸிகளுக்குக் கணக்கு வரும், கணக்கு வந்தால் கம்ப்யூட்டரும் வரும் என்பது அவருடைய சித்தாந்தம்.

கமிட்டியில் மற்ற இரண்டு பேரும் ஜம்புநாதன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுபவர்கள். சந்தையில் இரண்டு பேக்கேஜ்கள் இருந்தன. ஒன்று ரைட்வெல்; சாக்குக்காரர்கள் வைத்திருந்தது அதுதான். இன்னொன்று மேஜிக்பென். ஜம்புநாதன் முறைப்படி ஒப்பீட்டு அட்டவணை போட்டார். ரைட்வெல்லின் கையேடு இரண்டு மடங்கு கனம். மேஜிக்பென்னில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் வசதி இருந்தது. ஜம்புநாதன் என்ற பெயரை அது பிழை என்று சொன்னது. அதையும் மனசாட்சியோடு சாதகம் என்ற கட்டத்திலேயே எழுதினார்.

அட்டவணையை பல்லா சாப் படிக்கவில்லை. இரண்டு பேக்கேஜிலும் அதே கடிதத்தை அடித்து, வெள்ளிக்கிழமைக்குள் மேஜைக்கு அனுப்பச் சொன்னார். ஓரத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்வாராம். பிரிண்டர் வேலை செய்கிறதல்லவா என்று நடுவில் ஒரு வார்த்தை கேட்டார்.

“ஆச்சு சார்,” என்றார் ஜம்புநாதன்.

பல்லா சாப் நேரில் வந்து பார்த்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் அவருக்கு இல்லை. கம்ப்யூட்டர் அறைக்குள் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பல்லா சாப்பின் வயிற்றுக்கும் ஷூ கயிற்றுக்கும் இடையே பல வருஷங்களாகத் தொடர்பு விட்டுப்போயிருந்தது. காலையில் வீட்டில் யாரோ கட்டிவிட்டால் மாலையில் வீட்டில்தான் அவிழ்ப்பார்கள்.

*

வியாழக்கிழமை மாலை ஜம்புநாதன் லக்ஷ்மிபாய் நகர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் எதிர்ச் சாரிக்குப் போனார். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியின்மேல் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு பெரியண்ணன் உட்கார்ந்திருப்பார். ரேஷன் கார்டு மனு, வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட விண்ணப்பம் எல்லாம் அவர்தான் அடித்துக் கொடுப்பார். நாமக்கல் பக்கத்துக்காரர். தில்லிக்குக் கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து கால் போனபின் கைத்தொழிலுக்கு மாறியவர். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை.

“படிக்க ஆரம்பிச்சா கை நின்னுடுங்க சார்,” என்பார்.

ஜம்புநாதன் சாக்குக்காரர்களின் கடிதத்தை நகல் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். இதைப்போலவே இரண்டு ஓரமும் நேராக வருமா என்று கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. பெரியண்ணன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மலைத்துப் போய்விட்டார் என்று ஜம்புநாதன் நினைத்தார்.

“செஞ்சிடலாங்க சார்,” என்றார் பெரியண்ணன்.

விஷயம் ஒன்றும் மாயமில்லை. ஒவ்வொரு வரியிலும் எத்தனை எழுத்து குறைகிறது என்று எண்ணி, அத்தனை இடைவெளியை வார்த்தைகளுக்கு நடுவே ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிட்டால் வலது ஓரம் நேராகிவிடும். மற்றவர்கள் இதற்கு ஒரு முறை கரடாக அடித்துக்கொண்டு மறுமுறை நன்றாக அடிப்பார்கள். பெரியண்ணன் வரியை ஒரு பார்வை பார்ப்பார், உதடு லேசாக அசையும், அவ்வளவுதான்.

ஜம்புநாதனுக்கு இரண்டு கடிதம் வேண்டும்; ஒன்று மேஜிக்பென் அடித்தது, ஒன்று ரைட்வெல் அடித்தது. சாக்குக்காரர்களின் பேக்கேஜ் தோற்றாக வேண்டும் என்பதால், இரண்டாவது தாளில் நாலைந்து வரியைக் கொஞ்சம் கோணலாக விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். பெரியண்ணன் முயற்சி செய்தார். இரண்டு முறை தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி செருகினார். கடைசியில் வந்ததும் முதல் தாளைப் போலவே அப்பழுக்கில்லாமல்தான் இருந்தது.

“கோணலா அடிக்கக் கை வர மாட்டேங்குதுங்க,” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் பல்லா சாப் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தார். கண்ணாடிக்கு அடியிலிருந்து சாக்குக்காரர்களின் கடிதத்தை எடுத்து அதையும் சேர்த்து வைத்தார். எழுத்தெல்லாம் அச்சு அசல் அதே மாதிரி இருக்கிறது, இதுவல்லவா கம்ப்யூட்டர் என்று சந்தோஷப்பட்டார். பிறகு அரைமணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மேஜிக்பென் என்று எழுதியிருந்த தாளைத் தட்டிக்காட்டினார். இதில் முற்றுப்புள்ளி இன்னும் உருண்டையாக விழுந்திருக்கிறதாம்.

“இஸ்மே தம் ஹை, ஜம்பு,” என்றார், இதில் சரக்கு இருக்கிறது என்ற அர்த்தத்தில்.

ஜம்புநாதன் மூன்று தாளையும் குனிந்து பார்த்து, ஆமாம் என்று குறிப்பு எழுதினார். அந்த அரசாங்கத்தில் ஒரு பேக்கேஜ் அதற்குமுன் அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்காது.

*

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் ஏப்ரல் வந்திருக்கும். பல்லா சாப்புக்குக் கை அரித்தது. சாக்கு இயக்ககத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். சாக்குகளின் தரத்தைப் பற்றி ஆரம்பித்து, எங்கள் மேஜிக்பென்னின் ஓரத்தை நோக்குக என்று முடிந்தது கடிதம். பெரியண்ணன் அடித்துக் கொடுத்தார்.

நாலே நாளில் பதில் வந்தது. இரண்டு ஓரமும் நேர்; போதாக்குறைக்குத் தலைப்பு நட்டநடுவில் நின்றது. பல்லா சாப்புக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் பேக்கேஜாலும் தலைப்பை நடுவில் நிறுத்த முடியுமா என்றார். ஆச்சு சார் என்றார் ஜம்புநாதன். அடுத்த கடிதத்தில் தலைப்பு நடுவில் நின்றதோடு அடியில் கோடும் வாங்கிக்கொண்டது. அதற்குச் சாக்குக்காரர்கள் கட்டம் போட்ட அட்டவணை அனுப்பினார்கள். இவர்கள் கட்டத்துக்குள் கட்டம் போட்டு அனுப்பினார்கள். பெரியண்ணன் ஒவ்வொரு முறையும் பழைய கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நல்லாச் செய்யலாங்க என்பார். ஆபீசில் ஒரு நாளும் இப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று ஜம்புநாதனுக்கு ஆதங்கமாக இருந்தது.

அந்த வாரம் அச்சுக்கூடத் துறையிலிருந்தும் ஒரு பதில் வந்தது. இதேபோன்ற இன்னொரு கோரிக்கை நவம்பரிலிருந்தே தங்கள் பரிசீலனையில் இருப்பதாகவும், இரண்டையும் சேர்த்து உரிய காலத்தில் முடிவெடுக்கப்படும் என்றும் சொன்னார்கள். தன்னைப்போல் உருப்படாத சந்தேகம் கிளப்பிய புத்திசாலி இன்னொருவனும் தில்லியில் இருக்கிறான் என்பதில் ஜம்புநாதனுக்கு ஒரு சின்ன ஆறுதல். கடிதத்தை ஃபைலில் கோத்தார்.

சாக்கு இயக்ககத்தில் இந்தப் போரை நடத்திக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, லக்ஷ்மிபாய் நகரிலேயே இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்த பாலசுப்ரமணியம்தான். தினமும் காலையில் பால் பூத் வரிசையில் இருவரும் சந்தித்தாக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பில் சர்க்கரை போதாது.

“உங்க பிரிண்டர் எப்படி ஓய்?” என்று ஒரு நாள் ஜம்புநாதன் கேட்டேவிட்டார்.

“அதுவா. சத்தமே கிடையாது. ரூம்ல இருக்கறதே தெரியாது,” என்றார் பாலசுப்ரமணியம். “உம்மோடது?”

“வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட ரிப்பேர்னு நின்னதில்லை.”

வீடு திரும்பியும் ஜம்புநாதனுக்கு மனசு ஆறவில்லை. சத்தமே இல்லாத பிரிண்டர் என்றால் அது எவ்வளவு உசத்தியாக இருக்க வேண்டும். ஜலஜா காப்பியை ஆற்றி வைத்துவிட்டு, பிப்ரவரி பிறந்தாச்சு, இன்னும் ரெண்டு மாசம்தான் என்று நாள்காட்டியைக் காட்டினாள்.

பிப்ரவரியில்தான் நூற்று நாற்பது கடித வேலை வந்தது. நாடெங்கும் இருந்த நூற்று நாற்பது கிடங்குகளுக்கும் ஒரே கடிதத்தை, மேலே விலாசத்தை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டும் என்று பல்லா சாப் ஆசைப்பட்டார். கம்ப்யூட்டருக்கு இது கண்மூடித் திறக்கிற வேலை என்று பத்திரிகையில் படித்தாராம். விலாசங்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பித் தட்டுகளில் இருந்தன. பழைய தட்டு சாப்பாட்டுத் தட்டு அகலம். புதுக் கம்ப்யூட்டரின் வாய் அதில் பாதிதான். ஜம்புநாதன் தட்டை வாயருகே ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார். பழைய ஃபைல்களிலிருந்து விலாசங்களைக் கையால் எழுதிக்கொண்டு, அன்று மாலை வேப்பமரத்தடிக்கு ஒரு ஜோல்னாப் பை நிறையக் காகிதத்தோடு போனார்.

பெரியண்ணன் மட்டும் அந்த வாரம் தகராறு செய்தார். பத்து நாள் ஆகும் என்றார். வேறு ஒரு பார்ட்டியின் வேலையும் கையில் இருக்கிறதாம். அது யார் என்று ஜம்புநாதன் கேட்டதற்கு, அவர் ரிப்பனைச் சுற்றினார்.

“ஒரு பார்ட்டி வேலையை இன்னொரு பார்ட்டிகிட்டப் பேசறது நம்ம தொழில்ல கிடையாதுங்க சார்,” என்றார். “பேசினா இந்த மரத்தடியில யாரு வந்து உக்காருவா?”

ஜம்புநாதனுக்கு அந்தக் கொள்கை ரொம்பப் பிடித்திருந்தது. தன் ரகசியமும் பத்திரம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

நூற்று நாற்பது கடிதங்களும் போய்ச் சேர்ந்தன. நூற்று நாற்பது ஓரமும் நேர். ஒரு கடிதத்திலும் ஓர் எழுத்துகூட அடித்தல் திருத்தல் இல்லை. புகழ் பரவிற்று. அமைச்சகத்தின் செயலர் காதுவரை அது போயிற்று; அதுதான் விபத்து.

*

செயலர் சுருக்கமாகப் பேசுகிறவர். அமைச்சகம் முழுவதற்கும் இனி ஒரே கம்ப்யூட்டர், ஒரே பேக்கேஜ் என்றார். ரைட்வெல்லா, மேஜிக்பென்னா என்று பார்க்க ஒரு போட்டி வைத்துவிடலாம். புதன்கிழமை காலை சரியாகப் பதினோரு மணிக்கு, நாலு பக்கக் கடிதம் ஒன்றை உறையில் வைத்து ஒட்டி இரண்டு இயக்ககங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பார்கள். இரண்டு கம்ப்யூட்டர் அறைகளிலும் அமைச்சகத்து ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். யாருடைய கடிதம் முதலில், ஓரம் நேராக, செயலர் மேஜைக்கு வருகிறதோ அந்தப் பேக்கேஜ் அமைச்சகத்துக்கு. தோற்றுப்போன பேக்கேஜைத் தேர்ந்தெடுத்தவர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

பல்லா சாப் அன்று ரொம்ப அன்பாகப் பேசினார். ஜோர்ஹாட்டில் இப்போது குளிர் குறைந்துவிட்டது, மேத்தா கடிதம் போட்டிருக்கிறார் என்றார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஜம்புநாதன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜினாமா, லாங் லீவ், மாரடைப்பு என்று மூன்று வழிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சாதக பாதகங்களைக் குறித்தார். எதிலும் ஜலஜாவின் ஏப்ரல் தப்பவில்லை. வீட்டில் அன்று அவளிடம் முதல் முறையாக முழுக் கதையையும் சொன்னார். அவள் கையிலிருந்த பரீட்சைத் தாள்களைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“ஆச்சுன்னு சொல்லச் சொன்னது நான்தான்,” என்றாள். “அதனால யோசனையும் நானே சொல்றேன். அந்த மனுஷனை ரூமுக்குள்ளேயே கொண்டுவந்து உக்கார வெச்சுடுங்கோ.”

கம்ப்யூட்டர் அறையின் பாதியை ஒரு பிளைவுட் தடுப்பு பிரித்திருந்தது. அதன் பின்னால் மின்சாரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமலில் டைப்ரைட்டர் சத்தம் பாதி அமுங்கிவிடும். மீதிப் பாதியைப் பிரிண்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரிண்டருக்குத் தூசி ஆகாது, ஆகவே உள்ளே வைத்திருக்கிறோம் என்றால் வந்த ஆள் நம்புவார். ஷூவைக் கழற்றச் சொன்னபோதே நம்பியவர்கள்தானே. ஜம்புநாதன் விசைப்பலகையில் ஒரு பக்கத்தைத் தட்டி முடித்ததும், பதிவு டைரியில் ஏற்ற வேண்டும் என்று சொல்லி அந்தப் பக்கத்தைத் தடுப்புக்கு அந்தப் புறம் தள்ளிவிடுவார். டைரியில் ஏறாமல் அரசாங்கத்தில் எந்தக் கடிதமும் நகரக் கூடாது என்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அடித்த தாள் தடுப்பிலுள்ள ஒரு வெட்டு வழியாக வெளியே வரும்.

சனிக்கிழமை தச்சர் வந்து தடுப்பில் அந்த வெட்டைப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை ஜம்புநாதன் உள்ளே ஒரு மேஜை போட்டார். பெரியண்ணனின் காலை நினைத்து, முதுகு சாய்கிற மாதிரி தன் நாற்காலியையே தூக்கிப் போட்டார். வெட்டு வழியாக ஒரு வெள்ளைத் தாளை உள்ளேயிருந்து தள்ளிவிட்டு, வெளியே ஓடிவந்து அது வருவதைப் பார்த்தார். உண்மையான பிரிண்டரிலிருந்து வருவதைவிட மரியாதையாகவே வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு முறை மனசாட்சி உறுத்தி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று பல்லா சாப்பின் அறைவரை போனார். அங்கே பல்லா சாப் தொலைபேசியில், எங்கள் ஜம்பு இருக்கிறவரை சாக்குக்காரர்கள் எங்கள் ஓரத்தைக்கூடத் தொட முடியாது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜம்புநாதன் வாசலோடு திரும்பிவிட்டார்.

*

அன்று ஐந்து மணிக்கே பஸ் பிடித்துவிட்டார். வேப்பமரத்தடியில் பெரியண்ணன் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். டைப்ரைட்டரின் எழுத்துகளை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பெரிய வேலை இருக்கிறது என்று அதற்கே தெரிந்ததுபோல் அது பளபளத்தது.

ஜம்புநாதன் எதிரே இருந்த செங்கல்லில் உட்கார்ந்தார். இத்தனை நாள் எதற்கென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். பல்லா சாப், கம்ப்யூட்டர், வராத பிரிண்டர், பதினெட்டுக் கேள்விகள், ஜலஜாவின் ஏப்ரல், எதையும் விடவில்லை. பெரியண்ணன் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. கிராமத்து ஆள், கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று புரிந்திருக்காது என்று ஜம்புநாதன் இன்னும் நிதானமாக விளக்கினார்.

“அந்தப் பக்கம் வசதியா நாற்காலி போட்டிருக்கேன். ஸ்டெபிலைசர் பக்கத்துல இருக்கறதால கதகதன்னு இருக்கும். பத்து மணிக்கு உள்ள வந்துட்டீங்கன்னா போதும். டாக்ஸியில நானே கூட்டிண்டு போறேன். நாலு பக்கம்தான் பெரியண்ணன். என் குடும்பமே உங்க கையில இருக்கு.”

பெரியண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். மஃப்ளரை அவிழ்த்து மடித்து, அதையும் கீழே வைத்தார். தொழில் தர்மத்தை மீறுகிறவரின் சங்கடத்தோடு மெல்லச் சொன்னார்:

“சாக்கு ஆபீஸ் பாலசுப்ரமணியம் சாரும் இப்பத்தான் வந்து நாற்காலி போட்டாச்சுன்னு சொல்லிட்டுப் போறாரு. ஒரே நேரத்துல ரெண்டு கம்ப்யூட்டருக்குள்ளயும் நான் ஒருத்தனே எப்படிங்க சார் உக்கார்றது?”